'எங்களிடம் கொத்தடிமை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

மாதவரத்துக்காரர் | திங்கள், இரவு 10.40

மாதவரத்தில் வீடு மாற்றிக் கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். சொந்தமாக மூன்று வண்டிகள், நிரந்தர ஆட்கள் பதினொருவர். மாதக் கடைசியிலும் கோடை விடுமுறையிலும் வேலை குவியும்போது ஓர் ஆள் ஏஜென்சியிடமிருந்து எட்டுப் பத்துப் பேரை எடுத்துக்கொள்வேன். ஆறு வருடங்களாக இப்படித்தான்.

சென்ற மாதம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் சென்னை வேலைகளை எங்களுக்குத் தர முன்வந்தது. முதலில் பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். உங்கள் பணியிடத்திலோ, உங்களுக்கு ஆளும் பொருளும் தருபவர்களிடமோ கட்டாய உழைப்பு உண்டா, கடனுக்காக யாரையாவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஒன்பதாம் நாள் அண்ணா நகரில் மூன்றாம் மாடி வீடு ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தோம். ஏஜென்சி அனுப்பிய பையன் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். ஜார்க்கண்டைச் சேர்ந்தவன், பத்தொன்பது வயது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஊருக்குப் போக ரயில் கட்டணம் தருவீர்களா என்று கேட்டான். தாய்க்கு உடம்பு மோசமாம். மேஸ்திரியிடம் கேட்கலாமே என்றேன். கணக்கு முடியவில்லை, முடியாமல் விடமாட்டார், ஆதாரும் அவரிடம்தான் இருக்கிறது என்றான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன் சார் என்று பெருமையோடு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட பள்ளி நோட்டு. ஆளுக்கு இரண்டு பக்கம். பையனின் பக்கத்தில் தரகு 3,000, ரயில் 1,100, போர்வை, அரிசி, காஸ் என்று வரிசையாக இருந்தது. எல்லாம் தமிழில். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

கீழே ஒரு வரி: 'தட்டு 3,400'.

அந்தத் தொகையை எழுத வைத்தவன் நான். மூன்று மாதங்களுக்கு முன் முகப்பேரில் ஒரு வீட்டில் பீங்கான் தட்டுகள் உடைந்தன. வாடிக்கையாளருக்குக் கொடுத்த 3,400 ரூபாயை ஏஜென்சியின் பில்லில் கழித்துக்கொண்டேன். யார் கை நழுவியது என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். அது நேராக இந்தப் பையனின் கடனில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 950 ரூபாய் ஏஜென்சிக்குக் கொடுக்கிறேன். நோட்டில் அவனுக்கு 500 என்று வரவு வைத்திருக்கிறார்கள். கழிவு போக இதுவரை அவன் கையில் வாங்கிய பணம் மிகக் கொஞ்சம்.

ரயில் கட்டணம் கொடுத்துவிட்டேன். ஆதாரையும் வாங்கிக் கொடுத்தேன். அவன் போய்விட்டான். மீதிப் பேர் அங்கேயே இருக்கிறார்கள். ஏஜென்சியை நிறுத்திவிடவா? கேள்வித்தாளுக்கு என்ன பதில் சொல்வது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

நாமக்கல் பெரியவர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முன்பணம் கொடுப்பதையே கொத்தடிமை என்று பேச ஆரம்பித்துவிடுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது. நாற்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன், ஓட்ட வைக்கிறேன். டிரைவர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் எந்த வங்கி அவருக்குக் கொடுக்கும்? வட்டி இல்லாமல் நான்தான் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர் சொல்லாமல் வேறு வண்டிக்குப் போய்விட்டால் என் பணம் என்னாவது? அதற்காகத்தான் லைசென்சை வாங்கி வைப்பது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

---

சட்ட உதவி, திருவள்ளூர் | செவ்வாய், காலை 9.30

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம். 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நான்கு நிலைகளைக் கொத்தடிமை என்கிறது. வாங்கிய கடனுக்காக ஒருவர் பெயரளவுக் கூலிக்கு உழைக்க வேண்டியிருக்கலாம். வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழக்கலாம். நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருக்கலாம். தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் போகலாம். இந்த நான்கில் ஒன்று இருந்தாலே போதும், நான்கும் சேர வேண்டியதில்லை. சங்கிலியும் சாட்டையும் தேவையே இல்லை. ஐயா, லைசென்ஸ் உங்கள் பெட்டியில் இருக்கும்வரை அந்த டிரைவர் வேறு வண்டி ஓட்ட முடியாது. நீங்கள் வட்டி வாங்காததால் அது மாறிவிடாது.

வழக்கு என்று வந்தால், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். தொழிலாளி எதையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. கொத்தடிமைக் கடன் சட்டத்தின் முன் அழிந்துபோன கடன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதே தண்டனைக்குரிய குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை.

கூலி விஷயத்தில் இன்னொன்று. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கிக்கொண்டு உழைப்பதும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது. பசியாலும் வறுமையாலும் வேறு வழியின்றி ஒப்புக்கொள்வது சம்மதம் ஆகாது.

மாதவரத்துக்காரருக்கு: ஏஜென்சியை நாளைக்கே நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தினால் அந்த ஆட்களை இரவோடு இரவாக வேறு குடோனுக்கு மாற்றிவிடுவார்கள், நோட்டும் கூடவே போகும். முதலில் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் மனு கொடுங்கள். சட்டப்படி இதை விசாரித்து ஆட்களை விடுவிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். துணைக்கு வழக்கறிஞர் வேண்டுமானால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது இருப்பதாகத் தோன்றினால் உடனே 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

விடுவிப்புச் சான்றிதழ் கையில் கிடைத்தால்தான் அவர்களுக்கு அரசின் மறுவாழ்வுத் தொகை வரும். ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். ஆனால் உடனடி உதவியாக ஒரு சிறு தொகை மட்டும் முதலில் வரும், முழுத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் என்று வைத்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை அந்த ஏழை எதைச் சாப்பிடுவது? இதை எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

---

தோள்சுமை | செவ்வாய், பகல் 1.05

இருபத்திரண்டு வருடம் பீரோவும் பிரிட்ஜும் தூக்கியவன். இப்போது முதுகு இடம் கொடுக்கவில்லை, மேற்பார்வை பார்க்கிறேன்.

அண்ணா, அந்தப் பையன் உங்களிடம் கேட்டதே பெரிய விஷயம். நாங்கள் யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது 'எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது சார்' என்றுதான் சொல்வோம். சாயங்காலம் திரும்பிப் போவது அவருடைய இடத்துக்குத்தானே.

ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை. ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். செங்குன்றம் பக்கம் ஒரு குடோனில் நான் ஒரு மழைக்காலம் தங்கியிருந்தேன். அட்டைப்பெட்டிகளை விரித்து அதன்மேல் படுப்போம். கதவு வெளியே பூட்டியிருக்கும். திருட்டுப் பயம் என்று சொல்வார்கள். உள்ளே பதினான்கு பேர், சுற்றிலும் அட்டை, துணி, பிளாஸ்டிக். ஓர் இரவு மின்பெட்டியில் தீப்பொறி பறந்தது. அணைத்துவிட்டோம். அன்றைக்கு அது அணையாமல் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ஆட்களிடம் பேச வேண்டுமானால் டீ குடிக்கும் நேரத்தில், மேஸ்திரியை வண்டியோடு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். 'கடன் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், இல்லை என்பார்கள். 'கடைசியாக வீட்டுக்கு எப்போது பணம் அனுப்பினாய், எவ்வளவு' என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல மனம் வராது.

---

ஈஸ்ட் ஹாம் | செவ்வாய், மாலை 5.20

நான் லண்டனில் இரண்டு வேன்களோடு இதே தொழிலைச் செய்கிறேன். அந்தக் கேள்வித்தாள் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டு விற்றுவரவு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் ஒவ்வொரு ஆண்டும் அறிக்கை வெளியிட வேண்டும். என்னைப் போன்ற சிறிய ஆட்களுக்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் பெரியவர்கள் தங்கள் அறிக்கைக்காக எங்களிடம் கேட்பார்கள், நாங்கள் எங்களுக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்போம். கடைசியில் எல்லோரும் 'இல்லை' என்று குறித்த தாள்களின் கட்டு ஒன்று சேர்கிறது. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்த பையனிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இது இந்தியாவில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். போலந்திலிருந்து நல்ல வேலை என்று சொல்லி ஆட்களைக் கூட்டிவந்த ஒரு கும்பலை இங்கே வெஸ்ட் மிட்லாண்ட்ஸில் பிடித்தார்கள். தீர்ப்பு விவரங்கள் 2019இல் வெளியாயின. பாதிக்கப்பட்டவர்கள் 400க்கும் மேல். பண்ணைகளிலும் குப்பை பிரிக்கும் ஆலைகளிலும் ஏஜென்சிகள் வழியாக வேலை பார்த்தார்கள். காகிதத்தில் அவர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் போன வங்கிக் கணக்குகள் கும்பலின் கையில் இருந்தன.

அதைப் படித்த பிறகு, ஏஜென்சி அனுப்பும் ஆட்களின் கணக்கு எண்ணையும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கு ஒரே கணக்கு, ஆறு பேருக்கு ஒரே சின்ன வீடு என்று வந்தால் கேள்வி கேட்கிறேன். அரை மணி நேர வேலை. இங்கே ஆள் கொடுக்கும் ஏஜென்சிக்கு உரிமம் கட்டாயம் என்பது விவசாயம், மட்டி பொறுக்குதல், உணவு பதப்படுத்துதல் ஆகியவற்றுக்குத்தான். 2004 பிப்ரவரியில் மோர்கம்பே விரிகுடாவில் மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் கடல் ஏற்றத்தில் சிக்கி மாண்ட பிறகு வந்த சட்டம் அது. வீடு மாற்றும் தொழில் அதில் இல்லை. ஆகவே நாங்களே பார்த்தால்தான் உண்டு.

---

கோவை கணக்கர் | செவ்வாய், இரவு 9.10

வீடு மாற்றும் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எல்லோரும் ஏஜென்சியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அண்ணா, எனக்கு உங்கள் பில்தான் உறுத்துகிறது.

'ஓர் ஆளுக்கு 950' என்று ஒரே தொகையாகக் கொடுத்தால், அதில் கூலி எவ்வளவு, தரகு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. எங்கள் நிறுவனத்தில் இரண்டையும் பிரித்துவிட்டோம். கூலி எங்கள் கணக்கிலிருந்து நேராகத் தொழிலாளியின் கணக்குக்குப் போகும். ஏஜென்சிக்குத் தரகு மட்டும், தனி பில். கணக்கு இல்லாத ஆளுக்கு நாங்களே கூட்டிப் போய்த் திறந்து கொடுத்தோம். ஆளைச் சேர்த்ததற்கோ ரயிலுக்கோ தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அதை நாங்கள் தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். ஒரு ஏஜென்சி ஒத்துக்கொள்ளாமல் விலகியது. ஏன் விலகியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உடைசல் கழிவை அடியோடு நிறுத்துங்கள். கவனக்குறைவால் வந்த சேதத்துக்குக் கழிப்பதானாலும், முதலில் தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் ஊதியச் சட்டம் பல காலமாகச் சொல்கிறது. நீங்கள் ஏஜென்சியிடம் கழிக்கிறீர்கள், ஏஜென்சி மேஸ்திரியிடம், மேஸ்திரி பையனிடம். ஒருவரும் விசாரிக்கவில்லை. தட்டு உடைவது நம் தொழிலில் இருக்கிற ஆபத்து. அதற்குத்தான் வாடிக்கையாளரிடம் காப்பீட்டுக்கென்று பணம் வாங்குகிறோம். வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு கூலியிலும் கழித்தால் அது என்ன தொழில்?

முன்பணம் கொடுக்கிறோம், நிறுத்தவில்லை. ஒரு மாதக் கூலிக்கு மேல் கிடையாது. மாதம் எவ்வளவு பிடிப்பது என்று முதலிலேயே அவர் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுப்போம். 'இடையில் விலகினால் மீதிக்காக உங்களை நிறுத்தமாட்டோம்' என்ற வரியும் அதில் இருக்கும். சிலர் மீதியைக் கட்டாமல் போனார்கள். ஆண்டுக் கடைசியில் எழுதித் தள்ளிய தொகையைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு வண்டிக்கு டயர் மாற்றும் செலவுகூட வரவில்லை.

---

புதிய வண்டி | புதன், காலை 8.00

எல்லாம் சரி. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு இரண்டு படுக்கையறை வீட்டை 4,500 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்று இணையத்தில் ஒருவர் விலை போடுகிறார். மேலே நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தால் நான் 8,000 கேட்க வேண்டும். வாடிக்கையாளர் எங்கே போவார்?

---

கோவை கணக்கர் | புதன், காலை 8.50

தம்பி, 4,500இல் வண்டி வாடகை, டீசல், அட்டைப்பெட்டி, நான்கு ஆள் கூலி என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். எந்த வரியில் துண்டு விழுகிறது என்று பாருங்கள். வண்டிக்காரரும் பெட்ரோல் பங்க்கும் குறைத்து வாங்கமாட்டார்கள். குறைகிற வரி ஒன்றுதான். நாங்கள் மதிப்பீட்டுத் தாளிலேயே ஆட்கூலியைத் தனி வரியாக அச்சிட்டுக் கொடுக்கிறோம். சிலர் போய்விடுகிறார்கள், மறைக்கவில்லை. அந்த வரியைப் பார்த்துவிட்டு அதில் மட்டும் பேரம் பேசாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

---

நெறியாளர் | புதன், காலை 10.15

ஒரு பதிவில் இருந்த ஏஜென்சியின் பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கியிருக்கிறேன். விசாரணைக்கு முன்பே இங்கே பெயர் வந்தால் அங்கிருக்கும் ஆட்களுக்குத்தான் ஆபத்து.

---

அம்பத்தூர் தச்சர் | புதன், இரவு 7.45

ஏற்றுமதிச் சாமான்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுப்பவன். மாதவரத்துக்காரர் தன் கேள்வியில் 'பொருள் தருபவர்கள்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார், அது என்னைக் குத்தியது.

வெளிநாடு போகும் மரப்பெட்டியில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். பூச்சி சாகும்படி மரத்தைச் சூடாக்கியதற்கான அடையாளம், சர்வதேச விதி அது. கோதுமைக் கதிர் படமும், சூடாக்கிய இடத்தின் பதிவு எண்ணும் அதில் இருக்கும். முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மரத்தில் வண்டு இல்லை என்பதற்கு இத்தனை பாதுகாப்பு. அந்த மரத்தை வெட்டியவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொல்ல ஒரு குறிகூடக் கிடையாது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். காப்பாற்றுங்கள் என்று ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அன்று காலை டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். வாசலில் ஒரு லோடு மரம் வந்து நின்றிருந்தது. எங்கே வெட்டியது என்று டிரைவரிடம் கேட்டேன். 'காட்டுப்பக்கம்' என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கே அப்போது தைரியம் வரவில்லை.

இப்போது ஒரே ஒரு மரவாடியிடம்தான் வாங்குகிறேன். அவர் எந்தத் தோப்பில் வெட்டுகிறாரோ அங்கே என்னை வர விட வேண்டும், முன்கூட்டிச் சொல்லமாட்டேன் என்பது பேச்சு. இரண்டு முறை போயிருக்கிறேன். குடும்பத்தோடு தங்கி வெட்டுகிறார்களா, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வாரச் சந்தைக்கு யார் போய்வருகிறார்கள் என்று பார்ப்பேன். வீட்டில் ஒருவரைத் தோப்பிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் சந்தைக்கு அனுப்பினால் அங்கே ஏதோ இருக்கிறது.

---

நாமக்கல் பெரியவர் | வெள்ளி, காலை 6.30

என் பெட்டியில் இரண்டு லைசென்ஸ்கள் இருந்தன. ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார், பிறகு போய்விட்டார். இன்னொருவர் எட்டு வருடங்களுக்கு முன் விலகியவர், அவருடைய எண் இப்போது வேலை செய்யவில்லை. பரமத்தி பக்கம் ஏதோ ஊர். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மாதவரத்துக்காரர் | 23 நாட்கள் கழித்து, ஞாயிறு, இரவு 11.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு பத்தரைக்கு ஆட்கள் தங்கும் இடத்துக்குப் போனேன். பூட்டு வெளிப்பக்கம்தான் தொங்கியது. தோள்சுமை தம்பி சொன்னது அப்படியே. மறுநாள் மனு எழுதி, சட்ட உதவி வழக்கறிஞரோடு போய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். நான் ஏஜென்சியின் பில்லில் உடைசல் கழித்த தாள்களையும் இணைத்தேன். அவற்றைக் கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். கொடுக்காமல் மனு எப்படி உண்மையாகும்?

நான்காம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, இந்தி தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்டார்கள். வாக்குமூலம் முடிய மாலையாகிவிட்டது. விடுவிப்புச் சான்றிதழ் இதுவரை ஆறு பேருக்கு வந்திருக்கிறது. மூவர் விஷயத்தில் இன்னும் விசாரணை என்கிறார்கள், வாரம் இருமுறை போய்க் கேட்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னையும் விசாரித்தார்கள், இன்னும் விசாரிப்பார்கள்.

பையனோடு பேசினேன். தாய் பிழைத்துவிட்டார். கழிவாகப் போன 3,400 ரூபாயையும், கோவை கணக்கர் கணக்குப் போட்டுக் கொடுத்தபடி கூலியில் குறைந்த தொகையையும் அவன் கணக்குக்கு அனுப்பினேன். தட்டை உடைத்தது நான் இல்லை சார், அன்று நான் கீழே வண்டியில் இருந்தேன் என்றான். அனுப்பிய பிறகுதான் சொன்னான்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு, முன்பு குறித்த 'இல்லை' தவறு என்று எழுதி, நடந்ததையும் எழுதினேன். அவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். இருபது நாள் பதில் இல்லை. நேற்று ஒரு பெண்மணி கூப்பிட்டார். ஆட்களுக்கு நேராகக் கூலி கொடுக்கும் செலவை எங்கள் விலையில் எப்படிச் சேர்க்கப் போகிறீர்கள், தாள் அனுப்புங்கள் என்றார். ஆட்கூலியைத் தனி வரியாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அம்பத்தூர் அண்ணா, நான் பெட்டி வாங்குவது உங்களிடம் இல்லை, வேறோர் இடத்தில். மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், திருத்தணி தாண்டி என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை சொல்லாமல் போகலாம் என்றிருக்கிறேன். தோப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பழக்கமில்லை. கூட வருவீர்களா? காலை ஐந்து மணிக்கு வண்டியோடு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

---

அம்பத்தூர் தச்சர் | திங்கள், காலை 5.50

வருகிறேன். பெரிய வண்டி வேண்டாம், தூரத்திலேயே தெரிந்துவிடும். என் ஸ்கூட்டரில் போகலாம்.